கானாற்றுத் தெரு ஓட்டு

கத்திரி வெயில் பிறந்த அன்றைக்கு ஓட்டு எண்ணினார்கள். விடிந்தும் விடியாததுமாக ஜவ்வாது மலை மேல் வெக்கை ஏறிவிட்டிருந்தது. கல்லேரிக் கூட்ரோட்டில் முதல் பஸ்சைப் பிடித்து, வேட்டி கசங்காமல் சன்னலோரம் உட்கார்ந்து போனார் தேவராஜ். கழுத்தில் ஏஜெண்டு அட்டை தொங்கியது. முந்தின நாள் டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொல்லியிருந்த எண் அறுநூற்றுப் பத்து.

இருபத்திரண்டு வருசமாக அவர் கட்சியின் கிளைச் செயலாளர். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த ஓட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறது, எதற்கு ஆட்டோ அனுப்ப வேண்டும், எதை மச்சான்காரன் மூலமாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓட்டுப்பதிவு முடிந்த சாயங்காலம் ஒரு எண் சொல்வார். எண்ணுகிறபோது ஐந்து கூடும், ஐந்து குறையும், அவ்வளவுதான். "தேவராஜு வாயில சொன்னா மிஷினே கேட்டுக்கும்டா" என்று எதிர்க்கட்சிக்காரனே சொல்வான். அந்தப் பேச்சில் அவருக்கு ஒரு சொக்கு.

கூட்ரோட்டை முழு ஊர் என்றும் சொல்ல முடியாது, டவுன் என்றும் சொல்ல முடியாது. ஆலங்காயம் போகிற சாலையும் மலையேறுகிற சாலையும் பிரிகிற இடத்தில் பால் சொசைட்டி, ரேசன் கடை, உரக்கடை, செல்போன் ரிப்பேர் கடை, இரண்டு டீக்கடை. நடுவில் ஒரு கானாறு வெட்டிக்கொண்டு போகும். மழையில் பத்து நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் வழுக்குப் பாறையும்தான். இந்தப் பக்கம் பெரிய தெருவும் சொசைட்டித் தெருவும். அந்தப் பக்கம் கானாற்றுத் தெரு. அங்கே தேர்தலுக்குத் தேர்தல் விழுகிற ஓட்டு இருநூற்றுத் தொண்ணூறு. மொத்த ஊரிலும் எதிர்ச்சின்னத்துக்கு விழுவதும் இருநூற்றுத் தொண்ணூறு. இரண்டும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும்போது தேவராஜுக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

பதினான்கு வருசத்துக்கு முன்னால் கானாற்றுத் தெருப் பையன்கள் நாலைந்து பேர் பாலத்து முனையில் எதிர்க்கட்சிக் கொடிக்கம்பம் நட்டார்கள். நட்டவன் அதே தெருவில் இருக்கும் தங்கவேலுவின் தம்பி ரமேஷ். அந்த வருசம்தான் பெரிய டாங்க் கட்டித் தெருத் தெருவாகக் குழாய் போட்டார்கள். பாலத்தோடு குழாயை நிறுத்தச் சொன்னவர் தேவராஜ். கேட்க வந்த தெருக்காரர்களிடம், "ஓட்ட எங்க போட்டீங்களோ அங்க போய்த் தண்ணியக் கேளுங்க" என்றார். "உங்களுக்குத்தான் போட்டோம்ணா" என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். தேவராஜ் சிரித்தார். அடுத்த தேர்தலிலும் அதே இருநூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்ததிலும் அப்படியே. சத்தியத்தைவிட எண் பெரிது அவருக்கு.

அந்தத் தெருப் பெண்கள் கானாற்றில் இறங்கி, பாறை மேல் நடந்து, இந்தப் பக்கத்துக் கிணற்றில் சேந்திக்கொண்டு போனார்கள். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசித் தூறலில் தங்கவேலுவின் மனைவி பச்சையம்மா குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றைக்கு வேலூருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்துக் கொடுத்தவரும் தேவராஜ்தான். மனிதர் கெட்டவரில்லை. ஓட்டு வேறு, உதவி வேறு என்று நினைக்கிற ஆள்.

இந்தத் தேர்தலில் ஒரு சின்ன மாற்றம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்திருந்தது. பட்டியல் திருத்தியபோது ஓட்டு கூடிப்போனதென்று ஒரே சாவடியை இரண்டாகப் பிரித்து, ஒரு அறையில் ஆண்கள், ஒரு அறையில் பெண்கள் என்று போர்டு மாட்டினார்கள். "கூட்டம் இல்லாம சீக்கிரமா போட்டுட்டு வந்துர்லாம்" என்று எல்லோருக்கும் சந்தோசம். தேவராஜும் அதற்கு மேல் அதை யோசிக்கவில்லை.

எண்ணுகிற இடம் ஒரு காலேஜ் ஹால். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜெண்டுகள் பிளாஸ்டிக் நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி வெந்நீர் மாதிரிக் காற்றை வாரி இறைத்தது. பதினோராவது சுற்றில் கூட்ரோட்டு மிஷின் வந்தது. முதலில் ஆண்கள் சாவடி. அதிகாரி சீலைக் காட்டி, பட்டனை அழுத்தி, ஒவ்வொரு வேட்பாளராக எண்ணைப் படித்தார்.

"நானூத்தி முப்பத்தொண்ணு."

தேவராஜ் தன் கட்சிக்கு நேராக எழுதினார். எதிர்ச்சின்னத்துக்கு எத்தனை என்று காதைத் தீட்டினார்.

"பதினொண்ணு."

காதில் சரியாக விழவில்லையென்று நினைத்தார். "சார், இன்னொரு தபா சொல்லுங்க" என்றார். அதிகாரி மிஷினைக் கம்பி வலைக்கு அருகே திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்தில் பதினொன்று. விழுந்தது மொத்தம் நானூற்று ஐம்பத்தைந்து.

அவருடைய பேனா அப்படியே நின்றது. கானாற்றுத் தெரு ஆண்கள் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்து போட்டிருந்தார்கள். வாசலில் நின்று தலை எண்ணியவர் அவர்தான். அந்த நூற்று நாற்பத்து மூன்றும் எங்கே போயிற்று? எதிரில் பதினொன்றுதான் இருக்கிறதென்றால், அவர்கள் எல்லோரும்...

அதற்குள் அடுத்த மிஷின் வந்துவிட்டது. பெண்கள் சாவடி.

"நூத்தி எழுவத்தாறு."

அது தேவராஜின் கட்சி. எதிர்ச்சின்னம்:

"எரநூத்தி எழுவத்தொம்பது."

கானாற்றுத் தெருப் பெண்கள் ஒருவர் விடாமல் எதிரில் குத்தியிருந்தாலும் நூற்று நாற்பத்தேழுதான் வரும். மிச்சம் நூற்று முப்பத்திரண்டு? அது பெரிய தெரு. அது சொசைட்டித் தெரு. தன் வீட்டு வாசலுக்கு எதிர் வாசல், பக்கத்து வாசல், தன் வாசல். முதல்முறை அல்ல இது, எல்லா முறையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் பட்டது. கூட்டிப் பார்த்தார். நானூற்று முப்பத்தொன்றும் நூற்று எழுபத்தாறும் அறுநூற்றேழு. பதினொன்றும் இருநூற்று எழுபத்தொன்பதும் இருநூற்றுத் தொண்ணூறு.

ஒன்றியச் செயலாளர் வெற்றிவேல் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "அறுநூத்தி ஏழு! சொன்ன ஆளு பாரு! மூணுதான்யா கொறஞ்சிக்குது. உன் பூத்துன்னா பூத்துதான்!"

வெற்றிவேல் கூட்டுத்தொகையை மட்டும்தான் பார்த்தார். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். வெளியே வெடி வெடிக்கத் தொடங்கிவிட்டது. கட்சி ஜெயித்துவிட்டதாம். யாரோ தேவராஜின் வாயில் லட்டைத் திணித்தார்கள். மெல்லத் தெரியாதவர்போல அதை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். பின்கட்டுப் புங்கமரத்து நிழலில் கடைசிப் புளியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி முத்தம்மாள் சின்னச் சுத்தியால் புளி ஓட்டைத் தட்ட, மருமகள் இளவரசி நார் உரிக்க, எதிர்வீட்டு அம்மாக்கண்ணு கொட்டை எடுத்துத் தனியே போட்டாள். புளிப்பு வாடையும் வெக்கையுமாக இருந்தது.

"ஜெயிச்சிட்டீங்கன்னு அருளு போன்ல சொன்னான்" என்றாள் முத்தம்மாள். மகன் அருள்மணி வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் இருக்கிறான். "களி கிண்டி வச்சிக்கிறேன். கருவாட்டுக் கொழம்பு. கைகால் கழுவிகினு வாங்க."

தேவராஜ் செருப்பைக் கழற்றவில்லை. "முத்தம்மா, நீ யாருக்குப் போட்ட?"

சுத்தி நின்றது. "இன்னாங்க கேள்வி இது? அம்மாக்கண்ணு எதிர்ல?"

"சொல்லு."

"நம்ம சின்னத்துக்குத்தான். வேற எதுக்குப் போடுவாங்க?"

"பொம்பளைங்க பொட்டிய தனியா எண்ணுனாங்க. நம்ம சின்னத்துக்கு நூத்தி எழுவத்தாறு. அந்தச் சின்னத்துக்கு எரநூத்தி எழுவத்தொம்பது."

மனைவியின் முகத்தில் பயம் வரும், திருட்டுமுழி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவளுடைய வாய் மெல்லத் திறந்தது. அவள் அவரைப் பார்க்கவேயில்லை, அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள்.

"எவ்ளோ?"

"எரநூத்தி எழுவத்தொம்பது."

"அடி ஆத்தே!" முத்தம்மாள் சுத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒருத்திதான்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவரசி தலையைக் குனிந்தபடி, "நானுந்தான் அத்தை" என்றாள். "எங்க அப்பாவூட்ல எல்லாரும் அந்தக் கட்சிதான். கண்ணாலம் ஆனா ஓட்டும் மாறிடுமா இன்னா? ஆனா உங்களுக்குத் தெரிஞ்சா இன்னா சொல்வீங்களோன்னு பயந்துகினு இருந்தேன்."

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. "எங்கூட்டு ஆளு காத்தால எழுந்ததுலர்ந்து படுக்கறவரைக்கும் அத்தச் செய்யி இத்தச் செய்யின்னு சொல்லிகினே இருக்கும். அது எந்தச் சின்னம்னு சொல்லுதோ அத்தத் தவுத்து வேற எதுலயாவது குத்திட்டு வந்துருவேன். கட்சியாவது ஒண்ணாவது. வர்ற வழியெல்லாம் அன்னிக்கு ஒரு நாளு மனசு லேசா இருக்கும் முத்தம்மா. மாரியாத்தாவுக்குக் கூட நான் சொன்னதில்ல."

"நாம மூணு பேரும் பத்து வருசமா ஒண்ணா குந்திப் புளி ஒடைக்கிறோம்" என்றாள் முத்தம்மாள். அவளால் இன்னும் நம்ப முடியவில்லை. "ஒருத்திகூட ஒருத்திகிட்ட சொல்லலியே."

தேவராஜ் மரத்தடியில் கிடந்த சாக்கு மேல் உட்கார்ந்தார். "நான் உனக்கு இன்னா கொறை வச்சேன்?" என்றார்.

"ஒரு கொறையும் வெக்கல."

"அப்புறம் ஏம்மே?"

முத்தம்மாள் கொஞ்ச நேரம் புளியங்கொட்டையைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். "கண்ணாலமாயி மொத எலெக்சன் நெனப்பு இருக்குதா? அப்போ சீட்டு. முத்திரை குத்தணும். 'அதுக்குக் கண்ணு சரியா தெரியாது சார்'னு அதிகாரிகிட்ட பொய் சொல்லிட்டு என்கூட உள்ள வந்தீங்க. எங்கையப் புடிச்சி நீங்களே குத்துனீங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது. ரெண்டு எலெக்சன் அப்படிப் போச்சி. அப்புறம் மிஷின் வந்துச்சி. கூட வரக்கூடாதுன்னுட்டாங்க. அட்டை மறைப்புக்குப் பின்னால நான் மட்டும் நின்னேன். சுத்தியும் ஒருத்தரும் இல்ல. இன்னா பண்றேன்னு கேக்க ஆளில்ல. உங்க சின்னத்துமேலதான் வெரல வச்சேன். அது தானா பக்கத்துச் சின்னத்துக்குப் போயிடுச்சி. குய்யின்னு சத்தம் வந்துச்சி பாருங்க... அந்தச் சத்தத்துக்காகத்தான் அப்புறமும் போட்டேன். கட்சிமேல எனக்குப் பாசமும் இல்ல, கோவமும் இல்ல. என் ஒரு ஓட்டுல உங்களுக்கு இன்னா ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்."

தொழுவத்தில் மாடு ஒருமுறை கத்தி ஓய்ந்தது. அப்போதுதான் முத்தம்மாளுக்கு அடுத்தது உறைத்தது.

"அப்போ கானாத்துத் தெரு?"

அவர் மண்ணைப் பார்த்தார்.

"சொல்லுங்க. கானாத்துத் தெரு ஆம்பளைங்க நமக்குப் போட்டாங்களா?"

"போட்டுக்கறாங்க. அத்தினி பேரும்."

"இந்தத் தபாதானா?"

"எண்ணு எப்பவும் அதே எண்ணுதான்."

முத்தம்மாள் புளித்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்தாள். "தெகிரியமிருந்தா உங்க எதிர்ல நின்னு சண்டை போட்டுருக்கணும் நானு. மறைஞ்சி நின்னு குத்திட்டு வந்தேன். நான் குத்துன குத்து பச்சையம்மா இடுப்புல போய் வுழுந்துக்குது" என்றாள். களியை அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வெற்றிவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். கழுத்தில் முந்தின நாள் மாலையின் ரோஜா இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. முத்தம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அடுத்த வாரம் எம்மெல்லே நன்றி சொல்ல வர்றாரு" என்றார் வெற்றிவேல். "ஊருக்கு ஒரு வேலை சொல்லச் சொல்லிக்கிறாரு. உன் ஊருக்கு இன்னா வேணும் சொல்லு. நாடக மேடை கட்டிர்லாமா?"

"கானாத்துத் தெருவுக்குக் கொழா."

வெற்றிவேல் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னாய்யா, வெயில்ல அடிபட்டுட்டியா? நமக்கு ஓட்டே போடாத தெரு அது. நீதான சொல்வ?"

"அவங்க போட்டாங்க ஒன்றியம். நான்தான் தப்பா சொல்லிகினு இருந்தேன்." தேவராஜ் தாளை எடுத்து நீட்டினார். ஆண்கள் சாவடி, பெண்கள் சாவடி என்று பிரித்து எழுதியிருந்தார். வெற்றிவேல் படித்தார். மறுபடியும் படித்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்போ யாருய்யா போடல?"

தேவராஜ் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"நான்தாங்க" என்றாள் கதவோரம் நின்ற முத்தம்மாள்.

வெற்றிவேல் அவளைப் பார்த்தார், தேவராஜைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் உட்கார்ந்திருந்த டிரைவருக்குக் கேட்டுவிட்டதா என்று வாசலைப் பார்த்தார். "இத்த வெளிய சொல்லாத தேவராஜு" என்றார் குரலைத் தாழ்த்தி. "செயலாளரு பொண்டாட்டியே மாத்திப் போட்டாள்னா கட்சியில காறித் துப்புவாங்க. கானாத்துத் தெரு அப்படியே இருக்கட்டும். அவங்க போடலன்னு இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்?"

"அவங்களுக்குத்தான்" என்றார் தேவராஜ்.

"நாடக மேடைன்னு எழுதிக்கறேன்."

"எழுதிக்கங்க. நான் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறேன். எதுக்குக் குடுக்கறேன்னு கேட்டா இந்தத் தாளையும் காட்டுவேன்."

வெற்றிவேல் எழுந்துவிட்டார். "அடுத்த எலெக்சனுக்கு இந்த பூத்த வேற ஆளு பாத்துப்பான்" என்று வாசலில் நின்று சொன்னார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. இருபத்திரண்டு வருசம் இப்படி ஒரு புழுதியில் போகும் என்று தேவராஜ் நினைத்ததில்லை. ஆனால் முந்தின நாள் வாங்கிய அடிக்கு முன்னால் இது உறைக்கவில்லை.

"கெளம்புங்க" என்றாள் முத்தம்மாள். அவள் சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். "வெயில் ஏர்றதுக்குள்ள போய்ட்டு வந்துரலாம்."

பாலத்தின் வழியாகப் போகலாம். முத்தம்மாள் கானாற்றுக்குள் இறங்கினாள். தேவராஜும் இறங்கினார். பதினான்கு வருசத்தில் அவர் இந்தப் பாறை மேல் நடந்ததேயில்லை. வெறுங்கையோடு, காய்ந்த பாறையிலேயே இரண்டு இடத்தில் கால் வழுக்கியது. எதிரே இரண்டு பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்தார்கள். செயலாளரையும் மனைவியையும் பார்த்துத் திகைத்து ஒதுங்கி நின்றார்கள்.

தங்கவேல் வீட்டு வாசலில் ஆட்டுக்கு வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தார். பச்சையம்மா சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு கால் வைத்த அலுமினிய நடைகுச்சி.

"வாங்க தலைவரே" என்றார் தங்கவேல். குரலில் மரியாதையும் இருந்தது, விலக்கமும் இருந்தது. "ஜெயிச்சிட்டீங்களாமே. எங்க தெருவுல போடலன்னு சொல்ல வந்தீங்களா? அதான் எப்பவும் ஆளு வுட்டுச் சொல்லி அனுப்புவீங்களே."

"போட்டீங்க தங்கவேலு" என்றார் தேவராஜ். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பெட்டி, இரண்டு எண், தன் தெரு, தன் வீடு. முத்தம்மாள் நடுவில் பேசவில்லை. பச்சையம்மாவின் காலருகே உட்கார்ந்துகொண்டாள். சொல்லி முடித்ததும், "பைப்பு வருமா, எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. கட்சி கைவுட்டுச்சி. மனு எழுதிக்கிறேன். அலைஞ்சி வாங்கறேன்" என்றார்.

தங்கவேலுவிடமிருந்து கெட்ட வார்த்தை வரும், கை ஓங்குவார், எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் தேவராஜ் வந்திருந்தார். ஆனால் தங்கவேல் குழாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேப்பந்தழைக் கொத்து கையிலிருந்து நழுவியது. ஆடு அதை இழுத்துக்கொண்டு போனது.

"அப்போ எங்க ரமேஷு?" என்றார்.

"ரமேஷுக்கு இன்னா?"

"ரமேஷு போட்டானா?"

தேவராஜுக்குப் புரியவில்லை. பச்சையம்மாதான் சொன்னாள். "நீங்க தண்ணியில்லன்னு சொன்னப்புறம் தெருவுல பெரிய பஞ்சாயத்து. போட்டோம் போட்டோம்னு எல்லாரும் சொல்றாங்க, செயலாளரு இல்லன்றாரு. அப்ப பொய் சொல்றது யாரு? கொடிக்கம்பம் நட்டவன்தான்னாங்க. கொழந்த தலைமேல அடிச்சி சத்தியம் பண்ணாரு கொழுந்தனாரு. கம்பம் நட்டது கூட்டாளிங்களுக்காக, ஓட்டு நம்ம தெருவுக்காகத்தான் போட்டேன்னாரு. இவருதான் எல்லார் எதிர்லயும் செருப்பக் கழட்டித் தம்பிய அடிச்சாரு. அடுத்த வாரமே பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு பெங்களூரு போனவருதான். எங்க அத்தை சாவுக்குக்கூட இவரு சொல்லி அனுப்பல."

தண்ணீர் மட்டும்தான் நின்றது என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார் தேவராஜ்.

தங்கவேல் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டார். "பெத்தவ கொள்ளிக்கு அவன் வரல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "நான் வரவுடல." அவர் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "அவன் எங்க கீறான், எப்படிக் கீறான்னுகூட எனக்குத் தெரியாது. நம்பருகூட இல்ல."

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "போன எடு" என்றாள். "ஒம்பது, ஏழு, மூணு..."

தங்கவேல் அவளை வெறித்துப் பார்த்தார்.

"இன்னா பாக்கற? நான் இடுப்பொடிஞ்சி வேலூர்ல கெடந்தப்ப ஒரு வாரம் பக்கத்துல இருந்து பாத்துகினது யாருன்னு நெனச்ச? நீ சாயங்காலம் வருவ, அவரு காத்தால வந்துட்டுப் போவாரு. சொன்னா நீ கத்துவ. போடு நம்பர."

மனப்பாடமாக, ஒரு எண்கூடத் தடுமாறாமல் சொன்னாள். தங்கவேல் பழைய பட்டன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி போனது. எடுத்த பக்கம் கலவை மிஷின் ஓடுகிற இரைச்சல்.

"அலோ, யாருங்க?"

தங்கவேல் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"அலோ? அண்ணி, நீயா? சத்தமே கேக்கல."

தங்கவேல் எழுந்து போனை தேவராஜின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "நீ சொல்லு" என்றார். அந்தத் தெருவில் தேவராஜை நீ என்று ஒருவரும் சொன்னதில்லை. "நான் சொன்னா நம்ப மாட்டான். நீதான் இல்லன்னு சொன்ன, நீயே சொல்லு."

தேவராஜ் போனை வாங்கினார். முத்தம்மாள் தலை தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் குடத்தோடு வந்தவர்கள் குடத்தை இறக்காமலே நின்றுவிட்டார்கள்.

"ரமேஷு, நான் கூட்ரோடு தேவராஜு பேசறேன்."

மறுமுனையில் மிஷின் மட்டும் சுற்றியது.

"நீ ஓட்டுப் போட்டப்பா. நீ சொன்னது சத்தியம். தப்பு எம்மேல. உங்க தெருவுல நிக்கறேன்."

பிறகு யாரிடமோ "நிறுத்துடா அத்த" என்று ரமேஷ் சொல்வது கேட்டது. இரைச்சல் நின்றது. அந்த அமைதியில் அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"எங்க அண்ணன் அங்க இருக்குதா?"

"இருக்குது."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுகிட்ட குடுங்க" என்றான் ரமேஷ்.